பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் பிரிட்டன் வேலை விசா: ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 22-லிருந்து, இந்தியாவில் இருக்கும் ஒருவரை முதியோர் பராமரிப்பு வேலைக்கு, அதாவது கேர் வொர்க்கராக, பிரிட்டனுக்குப் புதிதாக எடுக்க அந்த நாட்டு விதியில் இடமே இல்லை. கோபியிலோ நாமக்கல்லிலோ கரூரிலோ யாராவது "கேர் விசா இருக்குதுங்க, பதினைஞ்சு லட்சம் ஆகும், பாதி இப்ப, பாதி விசா வந்ததும்" என்று சொன்னால் அவர் இல்லாத சரக்கை விற்கிறார். இது தெரியாமல் தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைக்கக் கிளம்பும் குடும்பங்கள் இன்னும் இருப்பதால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விசா ஏன் திறந்தது, ஏன் மூடியது என்று புரிந்துகொண்டால் இனி எது திறந்தாலும் ஏமாற மாட்டோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரைக்கும் போலந்துக்காரரோ ருமேனியாக்காரரோ பஸ் ஏறி வந்து மறுநாளே வேலைக்குச் சேரலாம், விசா கிடையாது, ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி) கிடையாது, கட்டணமும் கிடையாது. கென்ட் பக்கத்து ஸ்ட்ராபெரித் தோட்டங்களும், கோழி வெட்டும் ஆலைகளும், லாரி கம்பெனிகளும், முதியோர் இல்லங்களும் பெரிய அளவில் அந்த ஆட்களை நம்பித்தான் ஓடின. 2016 ஜூன் 23-ல் நடந்த வாக்கெடுப்பில் ஒன்றியத்தை விட்டு விலக மக்கள் முடிவெடுத்தார்கள், 2020 ஜனவரி 31-ல் விலகினார்கள், இதைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள், அந்த ஆண்டு முடிவோடு பழைய ஏற்பாடெல்லாம் தீர்ந்தது. 2021 ஜனவரி 1-லிருந்து புதிதாக வரும் போலந்துக்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் ஒரே விதி.

ஆள் போனால் தொழில் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பியபோதும், 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பார்த்துப் பயந்து ரயிலேறியபோதும் நாம் பார்த்ததுதான் அது. தையல் மெஷின் இருக்கும், ஆர்டர் இருக்கும், உட்கார ஆள் இருக்காது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் அதுவே நாடு முழுக்க நடந்தது. கொரோனாவும் சேர்ந்துகொண்டு டேங்கர் லாரி ஓட்ட ஆளில்லாமல் போனதால் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, கடைசியில் ராணுவ டிரைவர்களை இறக்கினார்கள். லாரி ஓட்டுநர்களுக்கு 5,000, கோழிப்பண்ணைத் தொழிலுக்கு 5,500 என்று சில மாதத்துக்கான தற்காலிக விசாக்களை அவசரமாக அறிவித்தார்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் துறையில் நிலைமை இன்னும் மோசம், 2021-22-ல் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 1,65,000 இடங்கள் காலி.

அதனால்தான் 2022 பிப்ரவரி 15-ல் கேர் வொர்க்கர் வேலையையும் விசா பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு, அதாவது 2023-ல், மருத்துவ, பராமரிப்புத் துறைக்கு வழங்கிய விசா 1,40,000-ஐத் தாண்டிவிட்டது, குடும்பத்தோடு வந்தவர்கள் கணக்கு அது போகத் தனி. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று சொல்லி ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த நாட்டில் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த கணக்கு, ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தொட்டதும் அரசியல் கொதித்தது. 2024 மார்ச் 11 முதல் கேர் வொர்க்கர்கள் மனைவி, கணவன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத் தடை, 2025 ஜூலையில் கதவே மூடல். தேவை குறைந்ததால் மூடவில்லை, முதியோர் இல்லங்களுக்கு ஆள் இன்னும் வேண்டும். மூன்றரை ஆண்டுக்குள் திறந்து மூடிய ஒரு வழியை நம்பிப் பத்து ஆண்டு தவணைக்குக் கடன் வாங்கியவர்களின் கதி என்ன என்று அந்த நாடு யோசித்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

சரி, இப்போது என்னதான் இருக்கிறது? பிரதான வழி ஸ்கில்டு வொர்க்கர் விசா. 70 புள்ளி எடுக்க வேண்டும் என்பார்கள், கேட்க ஏதோ பரீட்சை மாதிரி இருக்கும், உண்மையில் நான்கே கேள்வி. அரசு உரிமம் பெற்ற முதலாளி வேலை தருகிறாரா (20), அந்த வேலை தேவையான தகுதிக்கு மேல் உள்ளதா (20), ஆங்கிலம் தெரியுமா (10), சம்பளம் வரம்பைத் தொடுகிறதா (20). 2025 ஜூலையில் வேலைத் தகுதியைப் பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். சம்பள வரம்பு 2021-ல் ஆண்டுக்கு 25,600 பவுண்டு, 2024 ஏப்ரலில் 38,700, 2025 ஜூலையில் 41,700. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தாலும் 48 லட்சம் வருகிறது. அந்தத் தொழிலுக்கென்று தனியாக நிர்ணயித்த சம்பளம் இதைவிட அதிகமென்றால் அதைத்தான் தர வேண்டும். படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அப்போதும் 33,400. ஆங்கிலம் 2026 ஜனவரி 8 முதல் பி-2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் அளவு, முன்பு இருந்ததைவிட ஒரு படி மேலே. பட்டப்படிப்பு தேவைப்படாத சில தொழில்களைத் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதில் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பட்டியலின் பெயரிலேயே தற்காலிகம் என்று இருப்பதை மறக்க வேண்டாம்.

இதில் எல்லாமே தொங்குவது சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் என்கிற ஒன்றில்தான், ஏஜென்ட்டுகள் சுருக்கமாக 'சிஓஎஸ்' என்பார்கள். முத்திரை குத்திய சான்றிதழ் எதையோ எதிர்பார்க்காதீர்கள், அது முதலாளி பிரிட்டன் உள்துறையின் கணினியில் பதிவு செய்து பெறும் ஒரு எண், அதோடு சேர்ந்த விவரங்கள். அந்த விவரப் பக்கத்தை வாங்கி நிதானமாகப் பாருங்கள். முதலாளியின் பெயரும் ஸ்பான்சர் உரிம எண்ணும் இருக்கும், வேலை தொடங்கும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், அப்புறம் நான்கு இலக்கத்தில் தொழில் குறியீடு ஒன்று. ஏஜென்ட் எதை வேண்டுமானாலும் பேசலாம், அந்த நான்கு இலக்கம் பேச்சு மாறாது. 6135 என்றால் கேர் வொர்க்கர், 6136 என்றால் சீனியர் கேர் வொர்க்கர். ஈரோட்டில் இருக்கும் உங்களுக்கு இன்றைய தேதியில் இந்த இரண்டில் ஒன்றைப் போட்டு சிஓஎஸ் வந்தால் அதில் விசா கிடைக்காது. செவிலியர் குறியீடுகள் 22 என்று தொடங்கும். செவிலியர் படிப்பே படிக்காத பையனுக்கு அப்படி ஒரு குறியீடு போட்டிருந்தால் அது மோசடி, பின்னால் மாட்டிக்கொள்வது அந்தப் பையன்தான்.

முதலாளி உண்மையா என்று பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். உரிமம் பெற்ற ஸ்பான்சர்கள் பட்டியலை பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டு, அடிக்கடி புதுப்பிக்கிறது. பெயர் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கும் மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்தார்கள், அந்த நிறுவனங்களோடு தொடர்புள்ள தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல். அத்தனை நிறுவனமும் ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தவைதான்.

பணக் கணக்கில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். நீங்கள் கட்ட வேண்டியவை: விசா விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மருத்துவச் சேவைக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, விமான டிக்கெட். மருத்துவ, பராமரிப்பு விசாவில் (செவிலியருக்கு இது இன்னும் உண்டு) போகும் செவிலியருக்கு அந்த 1,035-ம் கிடையாது. முதலாளி கட்ட வேண்டியவை: ஸ்பான்சர் உரிமத்துக்கான செலவு, சிஓஎஸ் கட்டணம் (2025 ஏப்ரலிலிருந்து 525 பவுண்டு), இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்கிற தனிக் கட்டணம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இந்த மூன்றையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது என்பது அவர்கள் விதி. ஆகவே "சிஓஎஸ் விலை எட்டு லட்சம்" என்று சொல்பவர் சட்டப்படி விலையே இல்லாத ஒன்றுக்கு உங்களிடம் விலை சொல்கிறார்.

நம் பக்கத்துச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1983-ன் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி, ரசீதோடு. பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். டிராவல்ஸ் போர்டு மாட்டியிருப்பதும், ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்கு கோச்சிங் நடத்துவதும் பதிவு ஆகாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் 1978-லிருந்து இருக்கிறது, அதுவும் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம்தான், அதன் அறிவிப்புகளைக் கவனித்து வருவது நல்லது.

நம் மாவட்டங்களில் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, அந்தப் பிள்ளைகளுக்குக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. அங்கத்திய செவிலியர் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7, அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு. கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம், செய்முறைத் தேர்வு அங்கே போய். இங்கிலாந்து அரசு மருத்துவமனையில் புதிதாகப் பதிவான செவிலியரின் ஆரம்பச் சம்பளம் 2025-26-ல் 31,049 பவுண்டு, அரசு ஊதிய அளவு உள்ள இந்த வேலைக்கு மேலே சொன்ன 41,700 வரம்பு பொருந்தாது. செவிலியரிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று அவர்களின் ஆள்சேர்ப்பு நெறிமுறையே சொல்கிறது. நல்ல ஏஜென்சிகளுக்கு மருத்துவமனைதான் பணம் தருகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம். 2023-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 3,000 இடம், 18 முதல் 30 வயது, பட்டப்படிப்பு, வங்கியில் 2,530 பவுண்டு. ஸ்பான்சர் தேவையில்லை, இரண்டு ஆண்டு இருந்து பிடித்த வேலை பார்க்கலாம். குலுக்கலில் பெயர் வர வேண்டும், பெயர் கொடுக்க ஒரு பைசா கிடையாது, இரண்டொரு நாள்தான் திறந்திருக்கும். கோவையில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கடன் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை முதலில் முயற்சி செய்யுங்கள்.

பழத்தோட்ட வேலைக்குப் பருவகாலத் தொழிலாளர் விசா இருக்கிறது, 2019-ல் 2,500 பேரோடு சோதனையாகத் தொடங்கி 2025-க்கு 45,000 வரை போனது. ஆறு மாத வேலைதான், குடும்பம் கூடாது, நிரந்தரக் குடியுரிமைக்கு வழியும் இல்லை. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஆள் எடுக்கிறார்கள், பெரும்பாலும் மத்திய ஆசிய நாடுகளிலிருந்து. 2022-ல் இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து போனவர்களில் பலர் தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடனையே ஒரு பருவச் சம்பளத்தில் அடைக்க முடியாமல் திரும்பினார்கள். ஆறு மாத வேலைக்கு லட்சக்கணக்கில் கேட்டால் வட்டிக்கணக்கு போட்டுப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

"இந்தியா பிரிட்டன் ஒப்பந்தம் போட்டாச்சு, இனி விசா ஈஸி" என்று ஒரு பேச்சு திருப்பூர், கரூர் பக்கம் அதிகம் ஓடுகிறது. அந்த வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 ஜூலை 24, கேர் விசா மூடி இரண்டு நாள் கழித்து. ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் வரை இருந்த அவர்களின் சுங்க வரியை நீக்குவதாக அதில் ஒப்புக்கொண்டது உண்மை, ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் தனியாக இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கவே முடியாது, நம் ஏற்றுமதிக்காரர்கள் சந்தோஷப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆட்கள் விஷயத்தில் அதில் கிடைத்தது மிகக் கொஞ்சம். சமையல்காரர், யோகா ஆசிரியர், இசைக்கலைஞர் போன்றோருக்கு ஆண்டுக்கு 1,800 பேர் வரை ஒப்பந்த வேலை, அப்புறம் அதோடு ஒட்டிய தனி உடன்பாட்டில், இந்திய கம்பெனி தற்காலிகமாக அனுப்பும் ஊழியர் சில ஆண்டு வரை அங்கத்திய சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டாம் என்ற சலுகை. பனியனுக்கு வரி குறைந்ததற்காகப் பனியன் தைப்பவருக்கு விசா வராது.

ஏற்கனவே அங்கே போய் கேர் வேலையில் இருப்பவர்களின் வீட்டார் இதைப் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் 2028 ஜூலை வரை விசாவை நீட்டிக்கலாம், வேறு ஸ்பான்சருக்கும் மாறலாம். முதலாளியின் உரிமம் போனால் உள்துறையிலிருந்து கடிதம் வரும், அதிலிருந்து பொதுவாக 60 நாள் அவகாசம், அதற்குள் புது ஸ்பான்சர் பிடித்து விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். இந்த விசாவின் பெரிய அநியாயமே, திட்டுகிற முதலாளியையும் சம்பளம் குறைக்கிற முதலாளியையும் எதிர்த்துப் பேசினால் விசாவே போய்விடுமோ என்று ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். உங்கள் பிள்ளை அப்படி இருந்தால் ஊதியச் சீட்டு, வேலை நேரப் பட்டியல், வாட்ஸ்அப்பில் முதலாளி அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அங்கே ஏகாஸ் என்கிற தொழிலாளர் ஆலோசனை மையத்திடம் இலவசமாகக் கேட்கலாம். இங்கே ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் ரொக்கமாக இருந்தாலும் தேதியும் தொகையும் எழுதி, கூட இருந்தவர் பெயரோடு வைத்துக்கொண்டு, மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம். பத்திரம் இன்னும் அடகுக் கடையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், ஏலத்துக்கு வந்த பிறகு அல்ல.