எச்-3 விசா: அமெரிக்காவில் தொழிற்பயிற்சிக்குப் போக என்ன விதி?

"அமெரிக்காவில் ரெண்டு வருஷம் ட்ரெயினிங், அப்புறம் அதே கம்பெனியில் வேலை" என்று எச்-3 விசாவைக் காட்டி யாராவது பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பேச்சில் முதல் பாதி மட்டும்தான் உண்மை. தன் நாட்டில் கிடைக்காத பயிற்சியை அங்கே போய் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து அதை வைத்துப் பிழைப்பதற்கான விசா இது. இதன் விதிகளைப் படிக்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பயிற்சிக்குப் போகிறவர் தானாக விண்ணப்பிக்க முடியாது. பயிற்சி தரப்போகும் அமெரிக்க நிறுவனம்தான் ஐ-129 படிவத்தில் அந்நாட்டுக் குடியேற்றத் துறைக்கு மனுப் போட வேண்டும். மனு ஏற்கப்பட்ட பிறகுதான் நீங்கள் டிஎஸ்-160 படிவத்தை நிரப்பி, நம்மூர்க்காரர்கள் என்றால் பெரும்பாலும் சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில், நேர்காணலுக்குப் போவீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான எச்-1பி விசா மாதிரி குலுக்கல் இதில் இல்லை. ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் இல்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விப் பயிற்சிக்கு மட்டும் ஆண்டுக்கு 50 பேர். அப்படியிருந்தும் இந்த விசாவில் போகிறவர்கள் குறைவு. காரணம், நிறுவனம் நிரூபிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை, அமெரிக்காவிலிருந்து புது ரக இயந்திரம் ஒன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரித்து மாட்டிப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. தயாரித்த கம்பெனி, "ஒருவரை அனுப்புங்கள், கற்றுத் தருகிறோம்" என்கிறது. எச்-3க்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் சொல்வது கடினம். அந்தப் பயிற்சி இந்தியாவில் கிடைக்காது. முதல் நிபந்தனை முடிந்தது. போகிறவர் அங்கே அமெரிக்கர்கள் வழக்கமாகப் பார்க்கும் வேலையில் உட்காரப் போவதில்லை, இரண்டாவது. கற்றுக்கொள்வதற்குத் தேவையான அளவுக்கு மேல் உற்பத்தியில் அவர் கை வைக்கக் கூடாது, மூன்றாவது. கற்றது அமெரிக்காவுக்கு வெளியே அவர் தொழிலுக்கு உதவ வேண்டும், நான்காவது. அவருக்காகக் கோவையில் அந்த இயந்திரமே காத்திருக்கிறதே!

இதை வாயால் சொன்னால் போதாது. வகுப்பறையில் எத்தனை மணி நேரம், இயந்திரத்தின் முன்னால் எத்தனை மணி நேரம், மேற்பார்வை யார், பணம் கொடுப்பது யார், இதனால் அமெரிக்கக் கம்பெனிக்கு என்ன லாபம் என்பது வரை எழுதித் தர வேண்டும். "கம்பெனியின் செயல்பாடுகளை அறிந்துகொள்வார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய திட்டம் நிராகரிக்கப்படும். கால அட்டவணை, இலக்கு, கற்றதைச் சோதிக்கும் முறை மூன்றும் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தத் துறையில் ஏற்கெனவே நல்ல தேர்ச்சி உள்ளவருக்கு எச்-3 கிடையாது. தெரிந்தவனுக்கு எதற்குப் பயிற்சி என்பது அவர்கள் கேள்வி. ஆகவே எச்-1பிக்காகத் தயாரித்த பயோடேட்டாவை, திறமைகளை அடுக்கிக்கொண்டு, அப்படியே இதற்கும் கொடுப்பது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற வேலை. அமெரிக்காவில் படித்துவிட்டு, ஓபிடி (மாணவர்கள் படித்த துறையில் வேலை பார்த்துப் பழக அங்கே தரும் அனுமதி) காலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்று இதைப் பிடிப்பவர்களுக்கும் விதியிலேயே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. டாக்டர்களின் மேற்படிப்புப் பயிற்சியும் இதில் வராது.

காலம் அதிகபட்சம் 2 ஆண்டு. சிறப்புக் கல்விக்கு 18 மாதம். 2 ஆண்டும் முடித்தவர் 6 மாதமாவது வெளியே இருந்த பிறகுதான் எச் வகை விசாவிலோ, கம்பெனி தன் ஆளையே அங்குள்ள கிளைக்கு மாற்றி அனுப்பும் எல் விசாவிலோ மறுபடி போக முடியும். கணவன் அல்லது மனைவியும் 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளும் எச்-4இல் கூடப் போகலாம்; வேலை பார்க்க முடியாது.

கல்லூரி முடித்த கையோடு அனுபவம் தேடுகிறவர்களுக்கு எச்-3ஐ விட, பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசா பொருந்தும் என்பது என் எண்ணம். இதில் அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் ஒருவர் டிஎஸ்-2019 சான்றிதழ் தர வேண்டும். ஏஜென்ட் தரும் கடிதம் அதற்கு ஈடாகாது. படித்துக்கொண்டிருப்பவரும், படிப்பு முடித்து 12 மாதம் தாண்டாதவரும் 'இன்டர்ன்' ஆக 12 மாதம் வரை போகலாம். பட்டமும் அமெரிக்காவுக்கு வெளியே ஓராண்டு வேலை அனுபவமும், அல்லது பட்டம் இல்லாமல் 5 ஆண்டு அனுபவமும் இருந்தால் 'ட்ரெயினி' ஆக 18 மாதம் வரை. ஓட்டல் துறைக்கு இது பொதுவாக 12 மாதம். 6 மாதமோ அதற்கு மேலோ போனால் குறைந்தது மூன்று பிரிவுகளிலாவது மாற்றி மாற்றிப் பயிற்சி தர வேண்டும். வருஷம் முழுக்க அறை சுத்தம் செய்ய வைத்தால் அது விதிமீறல். எந்தத் துறையானாலும் எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என்னென்ன கற்றுத் தரப் போகிறார்கள் என்பது டிஎஸ்-7002 படிவத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை வரி வரியாகப் படியுங்கள். அங்கே போன பிறகு தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் அதுதான்.

ஜே-1இல் போன சிலர் திரும்பி வந்து 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதற்கு ஒரு காரணமான திறன் பட்டியலிலிருந்து (எந்த நாட்டுக்கு எந்தத் திறமைகள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல்) 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது.

கடைசியாக நேர்காணல். எச்-1பிக்கும் எல் விசாவுக்கும் இல்லாத ஒரு சுமை இந்த இரண்டு விசாவுக்கும் உண்டு: இவர் அங்கேயே தங்கிவிடுவார் என்று அதிகாரி முன்கூட்டியே எடுத்துக்கொள்வார், இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். நிலப் பத்திரம், பேங்க் பாஸ்புக்கை விட, திரும்பி வந்ததும் எந்தப் பதவியில் என்ன வேலை என்று உங்கள் ஊர்க் கம்பெனி எழுதித் தரும் கடிதத்துக்கே இங்கே கனம் அதிகம். அதில் அந்த இயந்திரத்தின் பெயரும் இருக்கட்டும்.