கையெழுத்துப் போடும் முன்னால் படிங்க, தாயே!

சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே எங்கள் பக்கத்தில் இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் தன் முதல் நாவலை எழுதி முடித்திருப்பார். அந்தச் சந்தோஷத்தை முகநூலில் போடுவார். போட்ட வாரமே போன் வரும். "ஜனவரிக்குள்ள புக்கா கொண்டு வந்துடலாம் மேடம். ஐஎஸ்பிஎன், காப்பிரைட், நூலக ஆர்டர் எல்லாம் பேக்கேஜ்லயே இருக்கு." ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் அடையாள எண், நூலக ஆர்டர் என்பது அரசு நூலகங்கள் பிரதி வாங்குவது. சீட்டு எடுத்த பணம் அப்படியே போகும். அதற்கப்புறம்தான் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நாவல் எழுதுகிறவள், சட்டம் கொஞ்சம் படித்தவள் என்று யாராவது சொல்லியனுப்பியிருப்பார்கள்.

கடைசியாக வந்தவர் திருவொற்றியூரில் ப்ளவுஸ் தைப்பவர். பகலெல்லாம் லைனிங், ஊக்கு, காஜா. பிள்ளைகள் தூங்கிய பிறகு நாவல். நல்ல நாவல், முகத்துக்காகச் சொல்லவில்லை. அதிலே காசிமேட்டு மீன் ஏலம் ஒரு அத்தியாயம் வருகிறது. அங்கேயே விடிய விடிய நின்றவரால்தான் அப்படி எழுத முடியும். "இன்னாக்கா கவல? ஐஎஸ்பிஎன் வந்துட்ச்சு. இனிமே என் கதய எவனும் தொட முடியாது" என்றார். நான் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நாவலின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுமைக்கும், நிரந்தரமாகப் பதிப்பாளருக்கு. கீழே முத்து முத்தாகக் கையெழுத்து. எவனும் தொட முடியாது என்பது வாஸ்தவம்தான், எழுதிய இவரையும் சேர்த்து.

இந்த ஐஎஸ்பிஎன் விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். அது ஒரு எண். 13 இலக்கம், 2007க்கு முன்னால் 10 இலக்கமாக இருந்தது. 978க்கு அடுத்து 81 அல்லது 93 வந்தால் இந்தியாவில் கொடுத்த எண். கடைக்காரரும் நூலகரும் இது எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, பதிப்பாளர் யார் என்று குழப்பமில்லாமல் கண்டுபிடிக்க அது உதவும். உரிமை யாரிடம் இருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஒரே நாவல் சாதா அட்டையில் வந்தால் ஒரு எண், கெட்டி அட்டையில் வந்தால் வேறு எண், மின்னூலுக்கு இன்னொன்று. அதனால் உரிமை மூன்று மடங்காகிவிடுமா? ஆகாது. எண்ணே வாங்காமல் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி நாலு பேருக்குக் கொடுத்தால் உரிமை போய்விடுமா? போகாது. இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எழுந்து போகும்போது, "ஆனாலும் ஐஎஸ்பிஎன் இருந்தா சேஃப்தானேக்கா?" என்பார்கள். இல்லைம்மா. இல்லை.

இதில் வயிறெரிவது எதற்கென்றால், இந்த எண் நம் நாட்டில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் ஐஎஸ்பிஎன்னுக்கென்றே ஒரு தேசிய முகமை இருக்கிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர் இணையத்தில் தானே விண்ணப்பிக்கலாம். அதைத்தான் பேக்கேஜில் தனி வரியாகப் போட்டு, எதிரே ஒரு தொகையையும் போடுகிறார்கள்.

காப்பிரைட் விஷயமும் இப்படித்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதும்போதே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அச்சாக வேண்டியதில்லை, பதிய வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் வரைக்கும், போன பிறகு இன்னும் 60 வருடத்துக்கும் அது உண்டு. பதிவு என்பது உங்கள் விருப்பம். நாளைக்குத் தகராறு வந்தால் முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிராளி பொய்யென்று காட்டும் வரைக்கும் செல்லும் சான்றாக, நிற்கும் என்பதால் செய்து வைப்பது நல்லதுதான். இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பார்கள். கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், தேதிக்கு ஒரு சாட்சி. சட்டத்தில் அதற்கென்று தனி மரியாதை எதுவும் கிடையாது.

சரி, ஏன் இத்தனை பதற்றம்? கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "என் கதைக்கருவை எவனாவது சுட்டுட்டா?" அந்தப் பயத்தில்தான் முதலில் நீட்டிய கையில் நாவலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரம்பூரில் இருந்த பழைய துணி ஆலையான பின்னி மில்லை வைத்து நாவல் எழுதுகிறேன் என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடக் கூடாதாம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும், அந்த மில்லில் நடந்த 1921 வேலைநிறுத்தமும், புளியந்தோப்பில் ரத்தம் சிந்தியதும் வரலாறு. யாருக்கும் பட்டா கிடையாது. பெரம்பூரில் பாதிக் குடும்பங்களுக்குத் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர். எல்லார் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. அதில் உங்கள் தாத்தா சங்கு ஊதியபின் கேட்டுக்கு வெளியே நின்று பீடி பற்ற வைத்ததை நீங்கள் எந்த வார்த்தையில் எழுதினீர்களோ, அது மட்டும்தான் உங்களுடையது. உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத்தான் சொன்னது: கருவுக்கும் கதைப்பொருளுக்கும் வரலாற்று நிகழ்ச்சிக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. எழுதுகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஏனென்றால் கரு எங்கே கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும். என் நாளில் அதற்கென்று ஒதுக்கிய நேரமே இல்லை. விடியற்காலையில் எழுதுவேன், தெரு முழிக்கும் வரைக்கும்தான் அது ஓடும். சமையல் முடிந்து பதினொரு மணிக்கு மேல் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். பழைய மிதி மெஷின், மோட்டார் வைக்கச் சொல்லிப் பிள்ளைகள் சண்டை போட்டும் வைக்கவில்லை. எம்.சி. ரோட்டில் கட்பீஸ் வாங்கிப் பேத்திக்குப் பாவாடை, வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டுப் போர்வை, கேட்கிறவர்களுக்குத் துணிப்பை. காலுக்கு வேலை, கைக்கு வேலை, நாக்குக்கு மட்டும் ஓய்வு. அந்த நேரத்தில்தான் காலையில் வாயடைத்துப் போன பாத்திரம் பேச ஆரம்பிக்கும். அதிலும் நேர்த்தையல் போடும்போது வராது. தப்பாய்ப் போட்டதைப் பிரிக்கும்போதுதான் வரும். வந்ததை எழுத எழுந்து போனால் மறந்துவிடும் என்று அளவு நோட்டிலேயே கிறுக்கி வைப்பேன். மார்பு 36, ஷோல்டர் 14, கை 9 என்ற வரிகளுக்குக் கீழே ஒரு விதவைத் தாய் தன் மகனைத் திட்டிக்கொண்டிருப்பாள். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவில் போய்வந்தாலும் இரண்டு மூன்று கிடைக்கும். மூடு வரட்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஜன்னலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு மலிவாய்க் கிடைப்பதைப் பூட்டி வைத்து என்ன செய்ய? அதை வரியாக்கி, வரியைப் பக்கமாக்கி, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பிரித்துத் தைப்பதற்குத்தான் வருடக்கணக்காகிறது. களவு போனால் அழ வேண்டியது அதற்குத்தான்.

(தையல்காரம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. "என் பேக் நெக் டிசைனைக் காப்பியடிச்சுட்டா" என்று நாவல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, இயந்திர முறையில் 50க்கு மேல் தயாரித்துவிட்டால் அதன்மேல் பதிப்புரிமை நிற்காது. டிசைனுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.)

இப்போது அந்த இரண்டாம் பக்கத்துக்கு வருவோம். கடையில் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கிறீர்கள். தைத்துத் தருவார், கூலி வாங்குவார். துணி அவருக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுப்பீர்களா? பதிப்பாளருக்கு அனுமதி கொடுப்பது வேறு, உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு. முதல் வகையில் நாவல் உங்களுடையதாகவே இருக்கிறது. இத்தனை வருடம், இந்த மொழியில், இந்த வடிவத்தில் அவர் வெளியிட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் உங்களிடம் மிஞ்சுவது நூலாசிரியர் என்ற பெயர்தான். பெயரைப் போடச் சொல்லவும், படைப்பைச் சிதைத்து உங்கள் மதிப்பைக் கெடுத்தால் எதிர்க்கவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் உரிமை அப்போதும் உங்களிடம் இருக்கும். பத்திரத்தில் எழுதியது போக வேறு காசு வராது.

சட்டம் எழுத்தாளரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது. எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்று வைத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், அது காலாவதி. ஆனால் "நிரந்தரமாக", "உலகம் முழுமைக்கும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் எங்கே நிற்கும்? 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத வடிவம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாவிட்டால் சேராது. இன்றைக்கு ஒலிநூலும் வெப் சீரிஸும் இருக்கின்றன, அதனால் "எல்லா வடிவங்களிலும்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

ஆகவே, தயவுசெய்து. பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து படியுங்கள். "இன்னிக்கே போட்டாத்தான் ஆஃபர்" என்றால் ஆஃபரே வேண்டாம். தமிழ் அச்சு உரிமை மட்டும், 3 வருடமோ 5 வருடமோ, மீதியெல்லாம் ஆசிரியருக்கு என்று எழுதச் சொல்லுங்கள். விற்பனையில் உங்கள் பங்கான ராயல்டி எத்தனை சதவீதம் என்பதோடு எதன்மேல் சதவீதம் என்றும் கேளுங்கள், அட்டையில் போட்ட விலையின் மேலா, கடைக்காரருக்குக் கொடுத்த கழிவு போக வந்த காசின் மேலா என்று. கணக்கு எந்த மாதம் தருவார்கள், புத்தகம் தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும், இரண்டும் எழுத்தில் வேண்டும். நூலக ஆர்டர் நிச்சயம் என்று சத்தியம் செய்பவரை நம்பாதீர்கள், அந்த முடிவு அவர் கையில் இல்லை. ஒரு புத்தகம் வெளிவந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாராவுக்கும் பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை, 1954ஆம் ஆண்டுச் சட்டம். இதுவரை போட்ட புத்தகங்களுக்கு அனுப்பினீர்களா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். சட்டமே தெரியாதவர் முகத்தில் தெரிந்துவிடும். நோட்டுகளையும் பழைய பிரதிகளையும் எடைக்குப் போடாதீர்கள், தேதி போட்டு வையுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். பத்திரத்தின் தேதியைப் பாருங்கள், ராயல்டி, காலம், இடம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் கூப்பிடலாம். திருவொற்றியூர்க்காரரை அங்கேதான் அனுப்பியிருக்கிறேன். போகும்போது பத்திரத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகளின் பிரிண்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கோபத்தில் அந்த வாட்ஸப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.