ஆச்சி வீட்டு ஃபேன் ஏன் சோம்பிச் சுற்றுகிறது?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்: "முன்னோருக்கான படைப்புக்காக, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தோம். முற்றத்து வளவில் உள்ள ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன, காற்றுதான் இல்லை. ஒன்று மட்டும் முனகுகிறதே தவிர அசையவில்லை. கம்பால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. கரண்ட் வேலை பார்க்கிறவர் காயில் (கம்பிச் சுருள்) போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்கிறார். பங்காளி ஒருவர் லோ வோல்டேஜ் என்கிறார். சம்பந்தி வீட்டில் கண் திருஷ்டி என்கிறார்கள். மாடியில் போன வருடம் மாட்டிய ஃபேன் மட்டும் நன்றாக வீசுகிறது. யார் சொல்வது சரி?"

மூவர் சொல்வதும் சரியில்லை ஆச்சி. வோல்டேஜ் குறைந்தால் மாடி ஃபேனும் சேர்ந்துதான் சோம்ப வேண்டும். காயில் எரிந்திருந்தால் கம்பால் தள்ளினாலும் பெரும்பாலும் ஓடாது, கருகல் வாடையும் அடித்திருக்கும். திருஷ்டிக்கு உடைக்கும் பூசணிக்காயின் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பொருள் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது. கண்டன்சர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்று படித்ததும் இதுதான். பழுது அதில்தான் இருக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 'தள்ளிவிட்டால் ஓடுகிறது' என்பதுதான் இதில் முக்கியமான தடயம். வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதை ஒரு சுருளில் விட்டால், காந்தப்புலம் வடக்கும் தெற்குமாக மாறி மாறித் துடிக்கும். துடிக்குமே தவிரச் சுழலாது. ஆட்டுரலில் குழவியை முன்னும் பின்னும் மட்டும் அசைத்துப் பாருங்கள், அது நின்ற இடத்திலேயே ஆடும். மாவு அரைபட வேண்டுமானால் முன்னே தள்ளிய கை, சற்றுப் பொறுத்துப் பக்கவாட்டிலும் தள்ள வேண்டும். முன்பின் அசைவும் பக்கவாட்டு அசைவும் கால் சுற்று இடைவெளியில் சேரும்போதுதான் குழவி வட்டமடிக்கும். காந்தப்புலத்துக்கும் இதே விதிதான். குறுக்காக வைத்த இரண்டு சுருள்களில் மின்னோட்டம் கால் அலை தள்ளிப் பாய வேண்டும். ஓர் அலைக்கு 20 மில்லி விநாடி என்றால், கால் அலைக்கு 5 மில்லி விநாடி.

ரைஸ் மில்லுக்கும் பம்ப்செட்டுக்கும் வரும் மும்முனை மின்சாரத்தில் இந்த இடைவெளி கம்பியிலேயே வந்துவிடுகிறது. வீட்டு ஃபேனுக்கு வருவதோ ஒருமுனை. ஒரே அலையிலிருந்து தள்ளிப்போன இன்னோர் அலையை எப்படி எடுப்பது? அதற்குத்தான் கண்டன்சர். அதன் வழியே பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்திக்கொள்ளும், சுருளில் பாய்வது பின்தங்கும். ஒரு சுருளை நேரடியாகவும் இன்னொன்றைக் கண்டன்சர் வழியாகவும் இணைத்தால் தேவையான இடைவெளி கிடைத்துவிடுகிறது. இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே கண்டறிந்த சுழலும் காந்தப்புலம் 1888இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அந்தச் சரக்குதான் உங்கள் வளவு உத்தரத்தில் நீளக் குழாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கண்டன்சர் முற்றிலும் செத்துவிட்டால் மிச்சம் இருப்பது துடிக்கும் புலம் மட்டும். துடிக்கும் புலம் ஒன்றை, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சம புலங்களின் கூட்டாகக் கணக்கில் பிரித்துவிடலாம். ஃபேன் நிற்கும்போது இரண்டும் சம பலத்தில் இழுப்பதால் அது முனகிக்கொண்டு நிற்கிறது. கம்பால் ஒரு பக்கம் தள்ளிவிட்டதும் அந்தப் பக்கத்துப் புலத்தின் கை ஓங்கிவிடுகிறது. எந்தத் திசையில் தள்ளினாலும் அந்தத் திசையில் ஓடும். வேண்டுமானால் எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள்.

மற்ற ஃபேன்களில் கண்டன்சர் சாகவில்லை, மெலிந்திருக்கிறது. எதிர்த் திசைப் புலம் முழுவதும் அடங்காமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பதால் வேகம் குறைகிறது. வேகம் பாதியானால் தள்ளப்படும் காற்றும் பாதியாகும். அந்தக் காற்றின் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். சுற்றுவது தெரிந்தும் மேலில் காற்றுப் படாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கண்டன்சர் ஏன் மெலிகிறது? எனக்குப் பிடித்த இடமே இதுதான். அந்த வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பாலிபுரோப்பிலீன் படலம் இறுகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். அதன் மேல் துத்தநாகமோ அலுமினியமோ ஆவியாகப் படிய வைக்கப்பட்டிருக்கும். அந்த உலோகப் பூச்சின் தடிமன் நானோமீட்டர் கணக்கில், சில பத்துகள். மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை மைக்ரோஃபாரட்டில் சொல்வார்கள். பெரும்பாலான ஃபேன்களில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரைத் தோராயமாகக் கணக்குப் போட்டால், எதிரெதிராக நிற்கும் உலோகப் பரப்பு முக்கால் சதுர மீட்டர் வருகிறது. அவ்வளவும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு மெல்லிய படலத்தில் எங்காவது ஒரு பலவீனமான புள்ளி இல்லாமல் போகாது. கண்டன்சரின் இரு முனைகளுக்கு இடையே நிற்கும் அழுத்தம் 230 வோல்ட்டைவிட நன்றாகவே அதிகம். அதனால்தான் டப்பாவின் மேல் 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. என்றாவது ஒரு நாள் அந்தப் புள்ளியில் படலம் துளைபட்டு இருபுற உலோகமும் தொட்டுக்கொள்ளும். சாதாரண உலோகத் தகடாக இருந்தால் அத்தோடு ஷார்ட் ஆகி, கதை முடிந்துவிடும். இங்கே நடப்பதே வேறு. துளை வழியே பாயும் மின்னோட்டம் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள பூச்சை ஆவியாக்கிவிடுகிறது. பூச்சு அவ்வளவு மெல்லியது என்பதால் மைக்ரோ விநாடிகளில் காரியம் முடிகிறது. துளையைச் சுற்றி உலோகமே இல்லாத ஒரு சிறு வெற்றுத் திட்டு உண்டாகிறது. தொடுவதற்கு உலோகம் இல்லாததால் ஷார்ட்டும் இல்லை. கீழே படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஃபேன் தடங்கலில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

காயம் ஆறிவிட்டது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு குறைகிறது. ஒரு முறைக்குச் சில சதுர மில்லிமீட்டர் போவது பொருட்டே இல்லைதான். வருடக் கணக்கில் வெற்றுத் திட்டுகள் பெருகப் பெருக மைக்ரோஃபாரட் இறங்குகிறது. இதோடு ஈரமும் கூட்டுச் சேர்கிறது. துத்தநாகம் ஈரம் கண்டால் அரிக்கும். வளவு வானம் பார்த்த முற்றம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரலும் ஈரக்காற்றும் உள்ளே வரும். டப்பாவின் அடைப்பு சரியில்லை என்றால் அந்த ஈரம் ஆண்டுக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் உத்தரத்தடியில் தேங்கும் சூடு மீதி வேலையைச் செய்கிறது. காரைக்குடிப் பக்கத்துக் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தன் உடம்பிலிருந்தே எடுத்துத் தன் காயத்தை அடைக்கும் ஒரு பொருளை இவ்வளவு மலிவாக விற்க முடிகிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு. 1900இலேயே மான்ஸ்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் காகிதத்தில் உலோகம் பூசிய கண்டன்சருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் பூச்சின் தடிமனையும் படலத்தின் தூய்மையையும் அங்குலம் அங்குலமாகச் சீர்படுத்தின.

இந்த இடத்தில் அழகப்பரைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராய்வதற்கென்று ஒரு தனிமனிதர் தன் ஊரில் இவ்வளவு கொடுத்திருக்கிறார். துத்தநாகம் ஏன் அரிக்கிறது என்ற கேள்வியும் அந்த வளாகத்துக்கு உரியதுதான். இன்று அதே பகுதியில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு ஆகும் செலவைப் பார்க்கும்போது, அதில் ஒரு பங்கு ஏதாவது ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையாகப் போகக்கூடாதா என்று தோன்றுகிறது. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் பலகை வைக்கிறோம். ஆய்வகச் சுவரில் யாரும் பெயர் பொறிக்கக் கேட்பதில்லை.

திருஷ்டியை விடுங்கள், அது பழைய நம்பிக்கை, பூசணிக்காயோடு போய்விடும். இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ப்ளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று பொருட்காட்சிகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே கண்டன்சரும் பச்சை நிறத்தில் எரியும் ஒரு எல்இடி விளக்கும்தான். மோட்டார்களால் கம்பியில் முன்னும் பின்னும் சும்மா அலையும் மின்னோட்டத்தை அது கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். ஆனால் வீட்டு மீட்டர் அந்த அலைச்சலுக்குக் கணக்கு எழுதுவதில்லை. செலவான யூனிட்டைத்தான் எழுதுகிறது. ஃபேனுக்குள் இருந்தால் உயிர் கொடுக்கும் பொருள், அந்தப் பெட்டிக்குள் இருந்தால் பர்ஸை மட்டும் இளைக்கச் செய்யும்.

சரி, மாற்றுவது எப்படி? ஏணி வைக்கும் முன் மெயினையே அணைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். மரப்பட்டையில் கம்பி ஓடும் பழைய வீடுகளில் சுவிட்சை மின்சாரம் வரும் கம்பியில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் கொடுத்திருக்கக்கூடும், அணைத்த பின்னும் ஃபேனில் மின்சாரம் நிற்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். செட்டிநாட்டு விட்டத்தின் உயரத்துக்கு ஏணியின் அடியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறவே கூடாது. ஆச்சி, நீங்கள் கீழே நின்று மேற்பார்வை பாருங்கள், பேரன் ஏறட்டும்.

முதலில் இறக்கையைக் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங் நல்லது. கரகரத்து உடனே நின்றால், பூட்டிக் கிடந்த காலத்தில் கிரீஸ் இறுகியிருக்கிறது, அது வேறு வைத்தியம். பிறகு மோட்டாருக்கு மேலே உள்ள கப்பைத் தளர்த்தித் தூக்கினால் கண்டன்சர் தெரியும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது, கம்பி நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிடி காப்பிட்ட ஸ்குரூடிரைவரால் கண்டன்சரின் இரு முனைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். மிச்ச மின்னூட்டம் ஆளைக் கொல்லாது. ஆனால் ஏணி உச்சியில் ஒரு திடுக்கிடல் போதும், கீழே வருவதற்கு.

மைக்ரோஃபாரட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். 2.5 என்று அச்சிட்டதில் 1.5 காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். பழையதில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணில், 440 வோல்ட் என்று போட்டதாக வாங்க வேண்டும். வேகம் கூடுமே என்று நான்கு மைக்ரோஃபாரட் வாங்கி மாட்டும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கண்டன்சர் வழியாக ஓடும் சுருளில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். எலக்ட்ரீஷியன் சொன்ன காயில் கதை அப்போது நிஜமாகிவிடும்.

மாட்டிய பிறகும் முனகல் நிற்கவில்லை என்றால், அந்த ஒன்றை மட்டும் ரீவைண்டிங் கடைக்கு அனுப்புங்கள். அல்லது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனாக மாற்றிவிடுங்கள். பழையது 75 வாட் அளவில் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவில் முடித்துவிடும், இந்தக் கண்டன்சர் தொல்லையும் அதற்குக் கிடையாது. ஒருவேளை ஃபேன் வேகமாகச் சுற்றியும் காற்று கீழே வராமல் உத்தரத்தை நோக்கிப் போனால் பயப்பட வேண்டாம், நேரடிச் சுருளின் கம்பியும் கண்டன்சர் சுருளின் கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. உடனே அணைத்து, மெயினையும் நிறுத்திவிட்டு, போனில் எடுத்த படத்தைப் பார்த்து அவற்றை மாற்றிக் கொடுத்தால் போதும்.