கிரே தெருவுக்கு வழி கேட்பவர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள கிரே தெருவுக்கு டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து புடவை எடுக்க வரும் பாட்டிமார் இன்றும் கிரே தெருவைத்தான் கேட்கிறார்கள். "அப்படியொரு தெருவே கிடையாது" என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. "இதேதான் பாட்டி, பெயரைத்தான் மாற்றிவிட்டார்கள்" என்று கை காட்டுகிறார்கள். இணையதளம் நடத்துகிறவர்களில் பலர் இந்த அளவு மரியாதைகூடக் காட்டுவதில்லை. நானும் காட்டவில்லை.

எங்கள் கோயிலின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என் தலையில் விழுந்தது. பழைய தளம் பார்க்கச் சகிக்கவில்லை என்று புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். ஒரு பக்கத்தையும் நீக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் முகவரியும் மாறிப்போனது. தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, விரத முறை எழுதியிருந்த பக்கத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்? 404, பக்கம் இல்லை என்று வருகிறதே." அந்த எண் அவருக்கே தெரிந்திருந்தது. அதைக் கவனிக்க வேண்டிய நான்தான் கவனிக்கவில்லை.

நீங்கள் ஓர் இணைப்பைத் தட்டியதும் உலாவி (பிரவுசர்), தளத்தின் பக்கங்களைத் தொலைவில் வைத்திருக்கும் கணினியான சர்வரிடம் "இந்த முகவரியில் இருப்பதைக் கொடு" என்று கேட்கிறது. சர்வர் பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்கிறது. 2 என்று தொடங்கினால் வேலை முடிந்தது. 3 என்றால் வேறிடத்தில் போய்க் கேள். 4 என்றால் கேட்டவரின் பிழை, 5 என்றால் சர்வரின் பிழை. இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ள ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வகுத்த முதல் நெறிமுறையில் இந்த எண்கள் இல்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்டு, 1996இல் வெளியான அந்த நெறிமுறையின் (எச்டிடிபி) 1.0 பதிப்பு ஆவணத்தில் நிலைபெற்றன. செர்னில் 404ஆம் எண் அறையிலிருந்து இந்த எண் பிறந்தது என்று உலவும் கதை வெறும் கதைதான்.

கணக்குப்படி பார்த்தால் 404 வந்தவரின் குற்றம். நடைமுறையில் வீட்டுக்காரர்தான் வாசலை இடம் மாற்றியிருப்பார். சர்வர் செத்துப்போயிருந்தால் 404 என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. எனவே 404 வந்தால் சர்வர் உயிருடன் இருக்கிறது, தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை என்று பொருள். சில நேரம் கிடைத்தும் சொல்ல விரும்பவில்லை என்றும் பொருள். ரகசியப் பக்கம் இருப்பதையே மறைக்க 404 சொல்ல விதிகள் இடம் தருகின்றன. கடன்காரர் வந்தபோது, "வீட்டில் இல்லை என்று அப்பா சொல்லச் சொன்னார்" என்ற பிள்ளையைவிட சர்வர் சாமர்த்தியசாலி.

ஒவ்வொரு கேள்வியையும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவைக்கிறது: கேட்ட கணினியின் இணைய எண் (ஐபி), நேரம், கேட்ட முகவரி, சொன்ன பதில், அனுப்பிய தரவின் அளவு, எந்தத் தளத்திலிருந்து வந்தார், எந்த உலாவி. இதிலிருந்து 404 வரிகளை மட்டும் பிரித்து, முகவரிவாரியாக எண்ணி, அதிகம் கேட்கப்பட்டது மேலே வரும்படி அடுக்கினால் போதும். விலை கொடுத்து வாங்கும் கருவிகள் அநேகமாக இதையேதான் வண்ணப் படங்களோடு செய்கின்றன.

முதல் முறை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது பயந்துவிட்டேன். நாங்கள் கனவிலும் வைத்திராத முகவரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்பு, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நுழைவாயில், தரவுத்தள நிர்வாகப் பக்கம் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். இவை மனிதர்கள் கேட்டவை அல்ல. உலகிலுள்ள தளங்களின் கதவுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கும் நிரல்கள். பூட்டு சரியாக இருந்தால் இவற்றுக்கு 404தான் பொருத்தமான பதில். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் இவற்றை நீக்கிய பிறகே உண்மையான பட்டியல் தெரியும்.

எஞ்சியவற்றில் "எங்கிருந்து வந்தார்" என்ற கட்டம்தான் புதையல். ஆங்கிலத்தில் அந்தத் தலைப்புச் சொல்லான referrer என்பதில் ஓர் 'ஆர்' விடுபட்டே தரநிலைக்குள் ஏறிவிட்டது. இன்றுவரை உலகம் முழுவதும் அதே எழுத்துப்பிழையோடுதான் அனுப்புகிறது. நம் தளத்தின் பெயரே அந்தக் கட்டத்தில் இருந்தால் பிழை நம் வீட்டுக்குள், இன்றே திருத்தலாம். வேறு தளத்தின் பெயர் இருந்தால் யாரோ நம்மைப் பற்றி எழுதி இணைப்பும் தந்திருக்கிறார் என்று அறியலாம். ஆனால் இப்போதைய உலாவிகள் பிற தளத்தின் பெயரை மட்டும் தருகின்றன, பக்கத்தின் முழு முகவரியைத் தருவதில்லை. வாட்ஸ்அப்பில் தட்டி வருபவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டமே காலி.

நம் மொழிக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. தளத்தின் பெயருக்குப் பின்வரும் முகவரியைத் தமிழில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் கணினிக்கு மூன்று பைட்டுகள் (தரவின் சிறு அலகுகள்), ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். "கோவில்" என்ற சொல்லில் ஆறு குறியீடுகள்: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. முகவரியில் அது 54 எழுத்துகள். அதே சொல் சில நேரம் 63 எழுத்துகளாகவும் வருகிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், இரட்டைச் சுழிக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வரோ பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. அதற்கு அவை வெவ்வேறு ஊர்கள். இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் சீராக்கம் செய்தால் இது தீரும். ஆனால் "கௌரி" என்பதை ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று தட்டுகிறவர்களைச் சீராக்கமும் காப்பாற்றாது, ஏனென்றால் அது எழுத்துப்படியே வேறு சொல். எங்கள் பட்டியலில் மூன்று வடிவங்களில் ஒரே அம்மன் பக்கத்தைக் கேட்டிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. பைட்டுகளாகப் பிரித்த பிறகே தெரிந்தது.

திருத்தம் எளிது, பொறுமைதான் வேண்டும். இடம் மாறிய பக்கத்துக்கு 301: நிரந்தரமாக மாறிவிட்டது, புதிய முகவரி இதோ. உண்மையிலேயே எடுத்துவிட்டதற்கு 410: இருந்தது, இனி இல்லை. சோம்பேறிகள் காணாமல்போன எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். விரத முறையைத் தேடி வந்தவரைக் கோபுரத்தடியில் நிறுத்திவிட்டுப் போவதுபோல் அது. கூகுளும் அதை ஏற்காமல் மென் 404 என்றே, அதாவது 404 என்று சொல்லாத 404 என்றே, கணக்கில் வைக்கும். இன்னொரு பொறி: அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் பிழைப் பக்கத்துக்குத் தளத்தின் பெயரோடு முழு முகவரியைக் கொடுத்தால், 404 சொல்வதற்குப் பதில் வந்தவரை அந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். "பக்கம் இல்லை" என்று திரையில் பெரிதாக எழுதியிருக்கும், பதிவேட்டிலோ எல்லாம் நலம். இப்படி ஒரு மாதம் நான் ஏமாந்தேன்.

பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கவும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய இணைய எண்ணையும் தனிநபர் தகவலாகவே பார்க்கிறது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் எட்ட முடியாமல் போய்விட்டன. மாறக்கூடியதை முகவரியில் வைப்பது இதற்கு ஒரு காரணம். 1860 முதல் 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எழுத்தர் காதில் விழுந்தபடி கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறியது. ஆனால் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண் மாறவில்லை. பேரப்பிள்ளைகள் இன்றும் அதை வைத்தே மூதாதையரின் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். மனிதர்களுக்கு எண் போட்டது கொடுமைதான். எங்கள் குடும்ப வரலாற்றுப் பக்கங்களுக்கு முகவரி அமைக்கும்போது, அந்த எண்ணையே வைத்தேன், பெயரை வைக்கவில்லை.

எல்லாவற்றையும் திருத்திய பிறகும் பட்டியலில் ஒரு முகவரி மாதந்தோறும் மேலே நின்றது: தமிழ் வகுப்பு. பழைய தளத்தில் தேடினேன், அப்படி ஒரு பக்கம் எப்போதும் இருந்ததில்லை. எங்கிருந்து வந்தார் என்ற கட்டமும் காலி. ஊகித்துத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அந்த வரிகளை அச்சடித்துக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மண்டபத்தின் பின் அறையில் வகுப்பு நடக்கிறது. அந்த முகவரியில் இப்போது ஒரு பக்கம் இருக்கிறது.