விலக முடியாத கவலைக்கு ஒரு பயிற்சி: முதுமையில் மைண்ட்ஃபுல்னெஸ்

வயது ஏற ஏற மனம் பலவீனமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் போன்றோரின் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. அன்றாட உரசல்களை இளைஞர்களைவிட முதியவர்கள் பெரும்பாலும் நன்றாகவே கையாளுகிறார்கள். வீண் வாக்குவாதத்தில் இறங்குவதில்லை, ஒத்துவராத ஆட்களிடமிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வழியில்லாத துன்பம் வரும்போது இந்த உத்தி உதவாது. தீராத மூட்டுவலியை விட்டு எழுந்து போக முடியுமா? துணை போன பிறகும் அதே வீட்டில்தானே விடிகிறது?

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் உடலிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, பயன்படுவது இந்த இடத்தில்தான். முழங்கால் வலிக்கிறது, கூடவே 'இனி இப்படியேதானா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ' என்ற எண்ணமும் ஓடுகிறது. அந்த எண்ணம் தசையை இறுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், வலியையும் கூட்டும். அது வெறும் எண்ணம் என்று கண்டுகொண்டு கவனத்தை உடலுக்குத் திருப்புவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடினாலும் தோல்வியில்லை. ஓடியதைக் கண்டு திரும்புகிற ஒவ்வொரு முறையும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சித் திட்டம் 8 வாரம் நடக்கும். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடப் பயிற்சி. எழுபது வயதில் தொடங்குபவருக்கு 45 நிமிடம் அதிகம். காலை, மாலை பத்துப் பத்து நிமிடம் போதும்.

சம்மணம் போட வேண்டியதில்லை. கைப்பிடி உள்ள, சறுக்காத நாற்காலியில் உட்காருங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் பலகை வைத்துக்கொள்ளலாம். கண்ணைப் பாதி மூடினால் போதும். உள்ளங்காலில் சூடா, குளிர்ச்சியா, தரை எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். அங்கிருந்து கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு என்று தலைவரை கவனத்தை மெதுவாக ஏற்றுங்கள். வலிக்கும் இடத்தைத் தாண்டிக் குதிக்காமல் சில மூச்சுவரை அங்கேயே நின்று, குத்தலா, இழுப்பா, எதுவரை பரவுகிறது என்று கவனியுங்கள். தாங்கவில்லையென்றால் கவனத்தை உள்ளங்கைக்கு மாற்றிவிடுங்கள்.

மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அதுவே பதற்றத்தைக் கிளப்பலாம்; அவர்கள் மின்விசிறிச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம். படுத்துக்கொண்டோ சாப்பிட்ட கையோடோ செய்தால் தூக்கம்தான் வரும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் முடிந்ததும் சட்டென்று எழக் கூடாது, தலை சுற்றும். கால் விரல்களை அசைத்து, ஒரு நிமிடம் பொறுத்து எழட்டும். நடைத் தியானமென்றால் சுவரோரமாக. மிக மெதுவாக நடக்கும்போது தடுமாறும் ஆபத்து கூடுதல்.

பலன் எவ்வளவு? 2012இல் டேவிட் கிரெஸ்வெல் குழு 55 முதல் 85 வயதுவரையிலான 40 பேரிடம் நடத்திய சிறிய ஆய்வில் தனிமை உணர்வு குறைந்தது. 2016இல் முதுகுவலியுள்ள 282 முதியவர்களை வைத்து வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கு 8 வாரத்தில் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது. ஆறு மாதத்தில் அந்த முன்னேற்றம் தங்கவில்லை. 65 முதல் 84 வயதுவரை 585 பேரைச் சேர்த்து 2022இல் வெளிவந்த ஆய்வில் நினைவாற்றல் கூடவில்லை. ஞாபகமறதிக்கு மருந்து என்று யாராவது இதை விற்றால் வாங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டிருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரையை, தியானம் கைகூடிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.