மீட்டர் ஓடவில்லை என்றால் கியர்பாக்ஸ் ஆயிலும் புதுசா?

2011 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக். மீட்டரில் 28,000 கிலோமீட்டர்தான். பெரம்பூரில் ஒரு அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே பெரும்பாலும் நின்ற வண்டி. ‘டி’யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் இழுக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் அதே பதில்: “வண்டி ஓடவே இல்லையே சார், அதை எதுக்கு மாத்தணும்?” ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. ஆயில் கசியாமல் தடுக்கிற ஆக்சில் ரப்பர் சீல் இறுகிப்போய் வருஷக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சர்வீஸ் அட்டவணையில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. ரப்பர் சீலுக்கு வயசுதான் எதிரி, ஓட்டம் அல்ல. கியர்பாக்ஸ் மூச்சுவிட ஒரு பிரீதர் உண்டு, அது வழியாக நம்ம கடலோரத்து ஈரக்காற்று உள்ளே போய்வரும். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிற அளவுக்கு ஆயில் சூடாகவே ஆகாது. நேர்மாறாக, மூலக்கடை சிக்னலிலோ திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையிலோ சிக்கினால், நகர்ந்து நின்று நகர்ந்தே, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதிக்கும். மீட்டரில் அது மூன்று கிலோமீட்டர். இந்த இரண்டு பாடும் மீட்டரில் தெரியாது. ‘கம்மியா ஓடின வண்டி’ என்று நீங்கள் சொல்வது இன்ஜினுக்குப் பாதி உண்மை, கியர்பாக்ஸுக்கு அதுகூட இல்லை.

அதற்காக ஒரு வருஷம் நின்றதும் ஆயில் கெட்டுவிடும் என்று பயமுறுத்தவும் மாட்டேன். நல்ல ஆயில் மெதுவாகத்தான் தளரும். ஆனால் எட்டுப் பத்து வருஷம் ஆச்சு, மாற்றியதற்குப் பில் எதுவும் இல்லை, வண்டி ஒழுங்காக கியர் மாறுகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ‘ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் மாற்றுங்கள்.

“பழைய ஆயிலை மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு சொன்னாங்க” என்பது அடுத்த பயம். போனது எல்லாம் ஏற்கெனவே பிடிப்பு விட்டு ஸ்லிப் ஆன, கிளட்ச் பிளேட் தேய்ந்த பெட்டிகள். ஆயிலை மருந்தாக நினைத்துக் கடைசி நேரத்தில் மாற்றி, பழியையும் அதன்மேல் போட்டார்கள். இழுக்கத் தாமதம், உதறல், ஸ்லிப் இருந்தால் முதலில் லெவல் பார்க்கணும், பிறகு கம்ப்யூட்டர் மாட்டி ஸ்கேன், அப்புறம்தான் ஆயில் பேச்சு.

மெஷின் வைத்துப் பிரஷரில் ‘ஃபிளஷ்’ செய்யச் சொன்னால் பழைய வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்கி ஊற்றுவதே போதும். ஒரு தடவை இறக்கினால் முழு ஆயிலும் வராது, மீதி டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் வால்வ் பாடியிலும் தங்கும். மொத்தம் 6 லிட்டர் பிடிக்கிற பெட்டியில் 3 லிட்டர் வந்தால் பாதிதான் புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறக்கினால் முக்கால், மூன்றாவது தடவையில் எட்டில் ஏழு.

செய்கிறவரிடம் நின்று கவனியுங்கள். ஊற்றுகிற போல்ட்டைத்தான் முதலில் திறக்கணும். அது துருப்பிடித்துக் கழலாவிட்டால், கீழே இறக்கியபின் ஊற்ற வழியில்லாமல் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். வந்த ஆயிலை அளவு ஜாடியில் பிடித்து, அதே அளவு ஊற்றணும். லெவல் ஏற்கெனவே குறைந்திருந்தால் அந்தக் கணக்கு தப்பு, டிப்ஸ்டிக்தான் பேசணும். ஆயில் இறக்குகிற ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள், பத்து இருபது ரூபாய் சமாசாரம். இரும்புத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் குத்துகிற தூள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஆயில் ரோஸ் மில்க் மாதிரி வந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

லெவல் பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹூண்டாயில் சூடான ஆயில், ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும் இன்ஜின். ஹோண்டாவில் சூடேற்றி இன்ஜினை நிறுத்திய ஒன்றரை நிமிஷத்துக்குள்.

ஆயில் வகையில் கெஞ்சிக் கேட்கிறேன், ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ கேனை வாங்காதீர்கள். ஹூண்டாய் 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்குக்கு எஸ்பி-3 என்ற வகை, 6 ஸ்பீடுக்கு எஸ்பி-4. கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்கான ஹோண்டா சிவிடியில் பழையதற்கு எச்எம்எம்எஃப், புதியதற்கு எச்சிஎஃப்-2, இரண்டையும் மாற்றிப் போடவே கூடாது. மேனுவல் கியர் வண்டியில் புத்தகம் ஜிஎல்-4 தர ஆயில் கேட்டால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும். புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சீல் உடைக்காத கேனைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிற ஷெட்டாகப் பாருங்கள். வடசென்னையின் கேப்டன் காட்டன் கால்வாய் ஏற்கெனவே படுகிற பாடு போதும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இந்த நிதானம் எதுவும் பொருந்தாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பிரீதர் உயரத்துக்குத் தண்ணீர் வந்திருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருப்பது காகித நார், அது தண்ணீரை உறிஞ்சினால் பசை விட்டு உரிந்துவிடும். பிறகு புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் தேடி அலைய வேண்டியதுதான். இன்சூரன்ஸுக்குப் போட்டோ எடுத்துவிட்டு, நாலு சக்கரமும் மேலே ஏறி நிற்கிற மேடை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மேடை வண்டி கிடைக்காவிட்டால், ஐ10 மாதிரி முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன் சக்கரம் இரண்டையும் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். கயிறு கட்டி நாலு சக்கரமும் உருள இழுத்தால், ஆயில் பம்ப் சுற்றாமலே உள்ளே கியர்கள் வறண்டு உரசும்.