கோத்தெடுத்த ஸ்கிரிப்டை ஓடவிடும் முன்

நான் பராமரிக்கும் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் மதுரை மாசி வீதிகளிலும் கீழவாசலிலும் உள்ள மொத்த வியாபாரக் கடைகளில் இருப்பவை. பகலெல்லாம் பில் போடும். கடை சாத்திய பிறகு அன்றைய கணக்கைப் பிரதியெடுக்கும். அந்த இரவு வேலையைப் பார்ப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு.

கடைக்குக் கடை தேவை மாறுவதால் அதை யாரும் புதிதாக உட்கார்ந்து எழுதுவதில்லை. பேக்கப் எடுக்க ஒரு மாட்யூல் (தனித் துண்டு ஸ்கிரிப்ட்), பழைய கோப்புகளைக் கழிக்க ஒன்று, முதலாளிக்குத் தகவல் அனுப்ப ஒன்று என்று தயாராக இருக்கும். வேண்டியவற்றின் பெயரைக் கட்டளை வரியில் கொடுத்தால், ஒரு கருவி அவற்றைக் கோத்து ஒரே ஸ்கிரிப்டாகத் தந்துவிடும். நல்ல முறைதான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மாட்யூல்கள் தனியே சரியாக ஓடினால் கோத்ததும் சரியாக ஓடும் என்று நம்புவது ஆபத்து.

இந்த ஸ்கிரிப்டுகளை ஓட்டும் ஷெல்லின் பெயர் பாஷ். மதிப்பு ஒன்றைப் பெயரிட்டு வைப்பது மாறி. பாஷில் ஒரு செயற்கூறுக்குள் (பெயரிட்ட கட்டளைத் தொகுதிக்குள்) வைக்கும் மாறிகூட, ‘லோக்கல்’ என்று அறிவிக்காதவரை ஸ்கிரிப்ட் முழுவதற்கும் பொது. அண்மையில் ஒரு ஜவுளிக் கடைக்குத் தயாரான ஸ்கிரிப்டைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். கழிக்கும் மாட்யூல் ‘டிர்’ என்ற மாறியில் தற்காலிகக் கோப்புறையின் பாதையை வைத்திருந்தது. பேக்கப் மாட்யூலிலும் அதே பெயர், ஆனால் அதில் இருந்தது பில் கோப்புறையின் பாதை. கோத்த கோப்பில் பேக்கப்பின் வரி பின்னால் வந்ததால் அதன் மதிப்பே நிலைத்துவிட்டது. கடைசியில், 30 நாளுக்கு மேற்பட்டவற்றை நீக்கும் கட்டளை நேராகப் பில் கோப்புறைக்குள் இறங்கியிருக்கும். ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்லும் பில்கள் அவை.

“தனித்தனியே ஓட்டிப் பார்த்துவிட்டோம் அண்ணே” என்றார் எழுதியவர். உண்மைதான். தனியே இரண்டும் குற்றமற்றவை.

மாறி வெறுமையாகிப்போவது இதைவிடக் கொடியது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் இப்படி ஒரு மாறி வெறுமையாகி, அழிக்கும் கட்டளை கணினியின் எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே உள்ள வேர்க் கோப்புறையிலிருந்தே தொடங்கியது. பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. மதிப்பில்லாத மாறி வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘செட் -யூ’ கட்டளையைப் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. மதிப்பே வைக்கப்படாத மாறியைத்தான் அது பிடிக்கும், வெறுமையாக வைக்கப்பட்டதை விட்டுவிடும். நீக்கும் கட்டளையில் மாறியை நெளி அடைப்புக்குள் எழுதி, பெயரை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேருங்கள். இரண்டு நிலையிலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்கிரிப்ட் முடிவது போன்ற நேரங்களில் எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கட்டளை ‘ட்ராப்’. அதை வைத்திருக்கும் மாட்யூல்களையும் கவனியுங்கள். இரண்டு மாட்யூல் வெளியேறும் நேரத்துக்கென ட்ராப் வைத்தால், பின்னால் வருவது முன்னதை நீக்கிவிடும். ஒரு மாட்யூலில் ‘எக்ஸிட்’ எழுதியிருந்தால் மொத்த ஸ்கிரிப்டும் அங்கேயே முடிந்துவிடும். ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவி மேற்கோள் குறி விடுபட்ட மாறியை நன்றாகக் காட்டிக்கொடுக்கும், ஆனால் இரு மாட்யூல்கள் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொள்வதைப் பிழை என்று சொல்லாது. மாறியின் பெயருக்கு முன்னால் மாட்யூலின் பெயரையும் சேர்த்து எழுதுவதுதான் வழி.

நம் ஊர் மின்தடையை மறந்துவிடக் கூடாது. கரண்ட் திரும்பிவந்து கணினி எழும்போது தரவு வன்தட்டு மவுண்ட் ஆகாமல் (கணினியின் கோப்புறைகளோடு இணையாமல்) போனால் மூலக் கோப்புறை காலியாகத் தெரியும். மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் நீக்கும் ‘டெலீட்’ விருப்பத்தோடு ஓடும் ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவி, பிரதியையும் காலியாக்கிவிடும். வன்தட்டு இணைந்திருக்கிறதா என்று ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் ஒரு வரியில் சோதித்துவிட்டு மேலே போகலாம்.

கோத்து வந்த கோப்பை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். பிறகு தரவின் நகல் ஒன்றின் மீது, பழைய கோப்புகளைத் தேடி நீக்கும் ஃபைண்ட் கட்டளையில் ‘டெலீட்’ இருக்கும் இடத்தில் ‘பிரிண்ட்’ வைத்து ஓட்டுங்கள். எவையெல்லாம் நீக்கப்படும் என்று பட்டியல் வரும். கடைக்காரர்களும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பில் ஒன்றின் பெயர் இருந்தாலும் அன்றிரவு ஸ்கிரிப்டை ஓட்ட விடாதீர்கள்.